880 டாலர் கொடுத்துப் பால்கனி கேபினுக்கு மாறலாமா? அலாஸ்கா கப்பலுக்கு ஒரு கணக்கு

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் சியாட்டிலிலிருந்து 7 இரவு அலாஸ்கா கப்பல். நீங்கள், மனைவி, 6 வயது மகள் மூவரும் ஒரு இன்சைடு கேபினில், அதாவது ஜன்னலே இல்லாத உள்ளறையில். மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மா இன்னொரு இன்சைடு கேபினில். பணம் முழுக்கக் கட்டியாயிற்று. இப்போது பால்கனிக்கு மாற ஒரு கேபினுக்கு 880 டாலர் அதிகம் கேட்கிறார்கள். கூடவே, ஆளுக்கு 200 டாலரில் தொடங்கி ஏலம் கேட்கலாம் என்று ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. "தூங்கத்தானே கேபின், காசைக் கரியாக்காதே" என்கிறார் ஒரு நண்பர். "அலாஸ்காவுக்குப் பால்கனி இல்லாமல் போகிறவன் முட்டாள்" என்கிறார் இன்னொருவர்.

இருவருமே அவரவர் போன பயணத்தை வைத்துப் பேசுகிறார்கள், உங்கள் பயணத்தை வைத்து இல்லை. நான் இந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை இன்சைடு, அடுத்த முறை என் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பால்கனி, மூன்றாவது முறை ஏலத்தில் விழுந்த பால்கனி (அந்தக் கூத்தைக் கீழே சொல்கிறேன்). என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பா அம்மாவின் கேபினை மட்டும் காசு கொடுத்து மாற்றுங்கள், நீங்கள் மூவரும் உள்ளறையிலேயே இருங்கள். இது நடுவில் நின்று இருவரையும் சமாதானப்படுத்தும் பதில் இல்லை, கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது.

கணக்கு என்று சொன்னது இதுதான். 880 டாலரை 7 இரவால் வகுத்து "ஒரு நாளைக்கு 125 டாலர்தானே" என்று எல்லோரும் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். கப்பல் நிறுவனமும் அப்படித்தான் நினைக்கச் சொல்லும். இரவில் நீங்கள் தூங்கும் 8 மணி நேரத்துக்குப் பால்கனியால் ஒரு காசு பயன் இல்லை, அதை ஏன் வகுத்தலில் சேர்க்க வேண்டும்? வெளியே பார்க்க ஏதாவது இருந்து, வெளிச்சமும் இருந்து, நீங்களும் கேபினில் விழித்திருக்கும் மணி நேரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணால் வகுங்கள்.

உங்கள் வழித்தடத்தை வைத்தே எண்ணலாம். முதல் நாள் மாலை சியாட்டிலை விட்டுக் கிளம்பும்போது ப்யூஜெட் சவுண்ட் என்ற கடல் உள்வாய் முழுக்க இரண்டு பக்கமும் கரை தெரியும், அழகான நேரம், ஆனால் அன்று எல்லோரும் மேல்தளத்தில்தான் இருப்பீர்கள், பாதுகாப்புப் பயிற்சி வேறு, பெட்டி வந்ததா இல்லையா என்ற கவலை வேறு. கேபினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம். இரண்டாம் நாள் முழுக்கக் கடல். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்கே, திறந்த பசிபிக் வழியாகத்தான் வடக்கே போகின்றன. வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒதுக்கமான நீரில் போகும். "இன்சைட் பாஸேஜ்" என்று விளம்பரத்தில் வரும் படமெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி ஒதுக்கமான நீரில் எடுத்ததுதான். உங்களுக்கு அன்று கிடைப்பது காற்று, அலை, சாம்பல் நிறத் தண்ணீர். பால்கனிக் கதவைத் திறந்தால் தலைமுடி பறக்கும், பத்து நிமிடத்தில் மூடிவிடுவீர்கள்.

மூன்றாம் நாள் ஜூனோ. காலையில் ஸ்டீபன்ஸ் பாஸேஜ் வழியாகப் போகும்போது திமிங்கிலம் பார்க்க நல்ல வாய்ப்பு. குளிர்காலத்தில் ஹவாயில் இருந்துவிட்டுக் கோடையில் இரை தேடி இங்கே வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அவை, நீரிலிருந்து ஒரு வெள்ளைப் புகை மாதிரி மூச்சு விடுவது பத்தாவது மாடியிலிருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியும். நான்காம் நாள் ஸ்காக்வேயில் பகல் முழுக்க ஊருக்குள் இருப்பீர்கள். மாலை கிளம்பியதும் லின் கேனல். பெயர்தான் கால்வாய், உண்மையில் இரண்டு பக்கமும் பனிமலை நிற்கும், 600 மீட்டருக்கு மேல் ஆழமான கடல் நுழைவாய். ஜூன் நடுவில் அங்கே இரவு 10 மணி வரை சூரியன் இருக்கும், விடிகாலை 4 மணிக்கெல்லாம் திரும்ப வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பால்கனி தன் காசைச் சம்பாதிப்பது இந்த ஒரு மாலையில்தான். ஐந்தாம் நாள் எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடல் நுழைவாய், அதன் கோடியில் டாஸ் பனியாறு. ஆறாம் நாள் மறுபடி கடல். ஏழாம் நாள் ஹுவான் டி ஃபூகா ஜலசந்திக்குள் நுழைந்து மாலையில் விக்டோரியா.

இதில் 6 வயதுக் குழந்தையோடு போகிற நீங்கள் இருவரும் கேபினில் விழித்துக்கொண்டு வெளியே பார்ப்பது எத்தனை மணி நேரம்? நேர்மையாகச் சொன்னால் 10 தாண்டாது. குழந்தை நீச்சல் குளத்தையும் ஐஸ்கிரீம் இயந்திரத்தையும் விட்டு நகராது, நீங்கள் அதன் பின்னால். சரி, 880ஐ 10ஆல் வகுத்தால் மணிக்கு 88 டாலர். அப்பா அம்மாவுக்கு? காலை 5 மணிக்கு எழுந்துவிடுவார்கள் (நேர வித்தியாசத்தில் 3 மணிக்கே எழுந்தாலும் ஆச்சரியமில்லை), மதியம் சாப்பிட்டதும் கேபினுக்குப் போய்விடுவார்கள், இரவுக் காட்சிகளில் பாதி அவர்களுக்குப் புரியாது அல்லது சத்தம் பிடிக்காது. 30 மணி நேரம் என்று வைத்தால்கூடக் குறைவாகத்தான் சொல்கிறேன். மணிக்கு 30 டாலருக்கும் கீழே, அதுவும் இரண்டு பேருக்கு. அதே கப்பல், அதே விலை, ஒரு கேபினுக்குக் கொள்ளை, இன்னொரு கேபினுக்கு நியாயம்.

"மதுரைக்காரர்கள் 12 டிகிரி குளிரில் பால்கனியில் உட்காருவார்களா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. உட்கார மாட்டார்கள். என் அம்மா முதல் நாள் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் மங்கி குல்லா என்று தயாராகி வெளியே போய் இருபது நிமிடத்தில் பல் கிட்டிப்போய் உள்ளே வந்துவிட்டார். எனக்கு அப்போது வயிறு எரிந்தது, இதற்கா அவ்வளவு பணம் என்று. அப்புறம் பார்த்தால், கேபினில் இருந்த ஒரே நாற்காலியைக் கண்ணாடிக் கதவுக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு, கதவை மூடிவிட்டு, அடுத்த ஐந்து நாளும் அங்கேதான் இருந்தார். அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே பார்த்தார். நாம் காசு கொடுப்பது பால்கனிக்கு இல்லை, தரையிலிருந்து கூரை வரை இருக்கிற அந்தக் கண்ணாடிக்கு. இது புரிந்த பிறகுதான் இதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று எனக்கே தெளிவாயிற்று.

இன்னொரு விஷயமும் அவர்களுக்கு முக்கியம். உள்ளறையில் விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. நமக்கு அது வரம், அருமையாகத் தூக்கம் வரும். இந்தியாவிலிருந்து பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் வந்திருக்கும் 70 வயதுக்காரருக்கு, எழுந்து பார்த்தால் பகலா இரவா என்றே தெரியாது. என் அப்பா வீட்டிலேயே அப்படி இரண்டு நாள் குழம்பினார், கப்பலில் வெளிச்சம் பார்த்ததும் சரியாகிவிட்டது.

இப்போது மறுபக்கம். பனியாறு பார்க்கிற நாளுக்காகத்தான் பால்கனி வேண்டும் என்று பலர் சொல்வார்கள், விற்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நாளுக்குப் பால்கனி ஏறக்குறைய தேவையே இல்லை. பால்கனியிலிருந்து ஒரு பக்கம்தான் தெரியும், இடது பக்கம் நீங்கள் இருந்தால் சீல்கள் படுத்திருக்கும் பனிக்கட்டி வலது பக்கம்தான் மிதந்துபோகும், இது ஒரு விதி மாதிரி. பனியாற்றின் முன்னால் போனதும் மாலுமிகள் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார்கள், அது உண்மைதான். ஆனால் எண்டிகாட் ஆர்முக்குள் போகும் அந்த நீண்ட வழியே பாதி அழகு, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதிலிருந்து நூல் நூலாக அருவி. அதற்கு மேல்தளத்துக்குப் போய் நிற்க வேண்டும். இயற்கை வல்லுநர் ஒலிபெருக்கியில் சொல்லும் விளக்கமும் திறந்த தளத்தில்தான் நன்றாகக் கேட்கும். மிதக்கும் பனி அதிகமாக இருந்தால் கப்பல் பனியாற்றுக்கு வெகு முன்பே திரும்பிவிடும், அதற்கு எந்த கேபினும் உத்தரவாதம் தராது.

மேல்தளத்தில் குளிருமே என்றால், நீங்கள் போகும் கப்பலில் முன்பக்கம் கண்ணாடி போட்ட பொது இடம் இருக்கிறதா என்று தளவரைபடத்தில் பாருங்கள். நார்வீஜியன் பிளிஸ் கப்பலில் முன்பக்கத்தையே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அப்சர்வேஷன் லவுஞ்ச் இருக்கிறது, எந்த கேபின்காரரும் போய் உட்காரலாம், காசு கிடையாது. ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் உச்சியில் க்ரோஸ் நெஸ்ட் என்று ஒன்று. அவர்கள் பனியாற்று நாளில் முன்தளத்தில் சூடாகப் பட்டாணி சூப் கொடுப்பார்கள், டச்சுக்காரர்களின் வழக்கம். சைவம் என்றால் வாங்குவதற்கு முன் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், அதில் பன்றி இறைச்சி போடுவதுதான் அவர்கள் ஊர் முறை. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் பின்பக்கம் மூன்று புறமும் கண்ணாடியோடு டூ70 என்று ஒரு கூடம். இப்படி ஒரு இடம் இருக்கும் கப்பலில் உள்ளறைக்காரர் எதையும் பெரிதாக இழப்பதில்லை, காலை ஏழு மணிக்கு முன்னால் போய் நாற்காலி பிடிக்கத் தெரிந்திருந்தால். நம் ஆட்களுக்கு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கச் சொல்லியா தர வேண்டும்?

அதே குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளறையிலேயே "விர்ச்சுவல் பால்கனி" என்று சுவர் உயரத்துக்கு ஒரு திரை வைத்திருக்கிறார்கள், வெளியே உள்ள கேமரா காட்டுவது நேரலையாக ஓடும். கேலிக்குரியதாகத் தெரியும், பார்த்தால் அவ்வளவு மோசமில்லை, குறைந்தபட்சம் பகல் இரவாவது தெரியும். உங்கள் கேபினில் அது இருந்தால் உங்கள் மூவருக்கும் பால்கனி வேண்டாம் என்ற என் வாதம் இன்னும் பலமாகிறது.

விலையை விட அதிகமாக நான் பயப்படுவது எதற்கு என்றால், கேபின் இருக்கும் இடத்துக்கு. அப்கிரேடு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாமே மேலே போகும் என்று நினைக்கிறோம். கப்பலில் மேலே போவது எப்போதும் நல்லதில்லை. கப்பல் முன்னும் பின்னும் தூக்கிப் போடுவது இரண்டு முனைகளில் அதிகம், பக்கவாட்டில் சாய்ந்தாடுவது உயரத்தில் அதிகம். ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது நடுவில், கீழ்த்தளத்தில். உங்கள் இப்போதைய உள்ளறை அப்படி நடுவில் கீழே இருந்து, அப்கிரேடு என்ற பெயரில் 12ஆம் தளத்தின் முன்கோடியில் ஒரு பால்கனி கிடைத்தால், இரண்டாம் நாள் பசிபிக்கில் அப்பா வாந்தி எடுத்துக்கொண்டு உங்களை வாழ்த்துவார். இஞ்சி மொரப்பா எவ்வளவு கொண்டுபோனாலும் சமாளிக்க முடியாது. (கொண்டுபோங்கள், ஓரளவுக்கு உதவும். மாத்திரைக்கு, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.)

நடை இன்னொன்று. இந்தக் கப்பல்களில் பல 300 மீட்டருக்கு மேல் நீளம். கேபின் பின்கோடியில் இருந்து, சாப்பாட்டுக் கூடம் அந்தப் பக்கம், அரங்கம் இந்தப் பக்கம் என்றால் முழங்கால் வலி உள்ள அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தாழ்வாரத்தை அளப்பார்? லிஃப்டிலிருந்து பத்துப் பதினைந்து கதவு தள்ளி ஒரு ஜன்னல் அறை, கோடியில் இருக்கும் பால்கனியை விட மேல். லிஃப்டை ஒட்டியே இருந்தால் இரவு பதினொரு மணிக்கு ஆட்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் வரும், அதனால் கொஞ்சம் தள்ளி.

சத்தத்துக்கு வருவோம், அதாவது என் மூன்றாவது பயணத்துக்கு. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஏலத்தில் ஆளுக்கு 180 டாலர் கேட்டிருந்தேன், கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது, அட்டையிலிருந்து 360 டாலர் அந்த நிமிடமே போய்விட்டது. மனைவியிடம் மார்தட்டினேன். போய்ப் பார்த்தால் எங்கள் தலைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம். விடிகாலை ஐந்து மணிக்கு ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளைத் தரையில் இழுத்து வரிசையாகப் போடுவார்கள், கர்ர்ர்ர் என்று, நூறு நாற்காலி இருக்கும். முதல் நாள் என்ன என்றே புரியவில்லை, கப்பல் எதன் மீதோ மோதிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தேன். மாற்று அறை கேட்டால் கப்பல் நிறைந்துவிட்டது என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். பழைய உள்ளறை மேலும் கீழும் கேபின்கள் இருந்த அமைதியான இடம். காசு கொடுத்துத் தூக்கத்தைத் தொலைத்தேன்.

அதனால் ஏலத்தைப் பற்றி. ராயல் கரீபியனில் ராயல்அப் என்பார்கள், செலிப்ரிட்டியில் மூவ்அப், மற்றவர்களும் ஏதோ ஒரு பெயரில் வைத்திருக்கிறார்கள், உள்ளே இயங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் எழுதும் தொகை ஆளுக்கு. கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் அதை இரண்டால் பெருக்கி எடுப்பார்கள், ஆக உங்களுக்கு வந்த 200 உண்மையில் 400. தனியாகப் போகிறவருக்கும் இரண்டு பேர் பணம்தான் போகும், மூன்றாவதாக ஒரு குழந்தை இருந்தால் அதற்கு வழக்கமாகத் தனியாகக் கிடையாது. ஏற்றுக்கொண்டால் ரத்து இல்லை, திரும்பப் பெற முடியாது, எந்தத் தளம் எந்த எண் என்று கேட்கவும் முடியாது. ஏற்கும் வரை தொகையை மாற்றலாம், பின்வாங்கலாம். உங்கள் தொகை பலவீனமா பலமா என்று திரையில் ஒரு மீட்டர் முள் காட்டுவார்கள், அதைப் பார்த்துப் பதறித் தொகையை ஏற்றாதீர்கள், அது விற்பனையைக் கூட்ட வைத்த முள்.

ஏலம் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: அதே பயணத்துக்குப் புதிதாக ஒருவர் இன்று பதிவு செய்தால் பால்கனி என்ன விலை என்று இணையத்தில் பாருங்கள். சில சமயம் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வித்தியாசத்தை மட்டும் கட்டி மாறிக்கொள்வது ஏலத் தொகையை ஒட்டியே வந்துவிடும், அப்போது எண் பார்த்துக் கேபினையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். என் சொந்த அளவுகோல், நேரடி விலையில் பாதிக்கு மேல் ஏலத்தில் ஒருபோதும் கேட்பதில்லை, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு அந்தப் பாதி. நேரடியாக 880 என்றால் ஏலத்துக்கு மொத்தம் 440, ஆளுக்கு 220, அவ்வளவுதான். பணம் முழுக்கக் கட்டுவதற்கு முன்பாக இருந்தால் இன்னும் வசதி, விலை குறையும்போது பழைய பதிவையே குறைந்த விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம், அமெரிக்காவில் பதிவு செய்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் செய்து தருகின்றன. உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, அடுத்த முறைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவின் கேபினுக்கு ஏலம் வேண்டவே வேண்டாம். இளவயதினர் எங்கே போட்டாலும் தூங்கிவிடலாம், அவர்களுக்கு இடம்தான் எல்லாம். தொலைபேசியில் அழைத்து, நடுப்பகுதி, மேலும் கீழும் கேபின்களே உள்ள தளம், லிஃப்டுக்கு அருகே ஆனால் ஒட்டி இல்லாமல், பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு இல்லாதது (அந்தக் கதவு வழியாகப் பேச்சுக் குரல் அப்படியே வரும்) என்று கேட்டு எண்ணை வாங்குங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், போகும்போது ஒரு பக்கம் கரை தெரிந்தால் வரும்போது மறுபக்கம் தெரியும். பால்கனிக் கதவு பலமாக உள்ளதா என்ற கவலையும் வேண்டாம், இரண்டு பேரையும் காற்றடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பலகை மாதிரி கனமாக இருக்கும், விரல் நசுங்கும்.

நீங்கள் கேட்காத ஒரு நடு வழியும் உண்டு, பால்கனி கிடைக்காவிட்டால் அதைப் பாருங்கள். ஓஷன்வியூ, அதாவது திறக்க முடியாத பெரிய ஜன்னல் உள்ள அறை. பெரும்பாலும் கீழ்த்தளங்களில் இருக்கும், ஆட்டம் குறைவு, தண்ணீர் பக்கத்தில் தெரியும், வெளிச்சமும் உண்டு. உள்ளே சூடாக உட்கார்ந்து பார்க்கப்போகிறவர்களுக்கு இது போதும் என்று தயங்காமல் சொல்வேன், வித்தியாசம் பால்கனியில் பாதி இருந்தால். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், "அப்ஸ்ட்ரக்டெட் வியூ" என்று போட்டிருந்தால் ஜன்னலுக்கு நேரே ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு தொங்கும். வெளிச்சம் வரும், அலாஸ்கா வராது.

பால்கனிக்கு மேலே மினி சூட், சூட் என்று போகும் படிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உங்கள் பயணத்துக்கு அது வீண். பெரிய சூட்டுகளில் தனி உணவகம், தனி லவுஞ்ச் உண்டு, ஆனால் சைவச் சாப்பாட்டுக்குப் பொது உணவுக்கூடத்திலேயே முதல் நாள் மாலை தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து சாதம், பருப்பு, ஒரு காய் என்று செய்து தருகிறவர்கள் நிறைய, எனக்கு மூன்று முறையும் கிடைத்தது. சூட்டுக்கு தினசரி டிப்ஸ் தொகையும் ஆளுக்கு அதிகம், அப்கிரேடு விலையில் அது தெரியாது. இன்சைடிலிருந்து பால்கனிக்குப் போனால் அது மாறாது. குளியலறையும் மாறாது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அம்மா பால்கனி என்றதும் குளியலறை பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அதே அலமாரி அளவுப் பெட்டிதான், நுழையும் இடத்தில் ஒரு படி தடுக்கும், ஒரு பிளாஸ்டிக் குவளை வீட்டிலிருந்தே எடுத்துவைத்துவிடுங்கள்.

உங்கள் கேபினை மாற்றாததால் மிச்சமாகும் 880ஐ என்ன செய்வது என்று கேட்டால், ஸ்காக்வேயில் வைட் பாஸ் ரயிலில் ஐந்து பேரையும் ஏற்றுங்கள். தங்கம் தேடிப் போன கூட்டத்துக்காக 1898ல் தொடங்கி 1900ல் முடித்த குறுகிய பாதை, உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையேற்றம், அப்பா அம்மாவுக்கு நடையே இல்லை. ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும், ஆனாலும் 880க்குள் அடங்கி மிச்சமும் இருக்கும். மிச்சத்தில் சுமாரான ஒரு பைனாகுலர் வாங்குங்கள், கப்பலில் விற்பது விலை அதிகம். என் அப்பாவுக்கு அந்தப் பயணத்தில் நினைவில் நிற்பது பனியாறு இல்லை, அந்த ரயில் ஒரு மரப்பாலத்தைத் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததுதான். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், கேபினைப் பற்றி யோசிப்பதையே நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று. விக்டோரியா கனடாவில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறையில் ஆள் ஏற்றி அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட வேண்டும் என்று 1886ஆம் வருடத்துச் சட்டம், அதனால்தான் ஏழாம் நாள் மாலை நாலைந்து மணி நேரத்துக்கு அங்கே நிற்கிறார்கள். அப்பா அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட் என்றால் கனடா விசா வேண்டும், இறங்காமல் கப்பலிலேயே இருக்கிறோம் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, சியாட்டில் துறையிலேயே ஏற்ற மாட்டார்கள். அமெரிக்க விசாவில் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விசா கையில் வராத வரை 880 டாலரைக் கட்டாதீர்கள்.

அப்புறம், உங்கள் கேபினைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பால்கனியால் உண்மையான ஒரு பயன் உண்டு: குழந்தை எட்டரைக்குத் தூங்கிவிடும், வெளியே பத்து வரை வெளிச்சம், உள்ளறையில் நீங்கள் இருவரும் இருட்டில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே பேசலாம். ஆனால் அப்பா அம்மாவுக்குப் பால்கனி எடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தானாகத் தீர்கிறது. பாட்டி வந்து உங்கள் அறையில் பேத்தியோடு படுத்துக்கொள்வார், எப்படியும் எட்டரைக்கு அவருக்கும் தூக்கம் வந்துவிடும். லின் கேனல் மாலையில் நீங்கள் இருவரும் அப்பாவின் பால்கனியில் உட்கார்ந்துகொள்ளலாம், அவர் உள்ளே கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் மகள் அங்கே போனால் மட்டும் கவனம், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயது, பெரியவர்கள் இல்லாமல் கதவைத் திறக்கவே கூடாது. பல கப்பல்களில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருப்பார்கள், அதைப் போட்டே வையுங்கள்.

அதையும் மீறி ஆசை விடவில்லை என்றால் உங்கள் கேபினுக்கு மட்டும் ஏலத்தில் குறைந்தபட்சத் தொகை, அந்த 200ஐ, போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றும் குறையவில்லை. கிடைத்தால், ஏறியவுடன் உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், காதடைப்பான் வாங்கக் கடை மூடுவதற்குள்.